நன்றி வேண்டாம் என்றவர்களுக்குக் கட்டிய பனர்

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம், எனக்குக் கேட்கவேண்டும் என்றே கொஞ்சம் உரத்துச் சொன்னாள்.

"உவதான் மன்னார்ப் பிள்ளையளின்ர சோத்தில மண்ணள்ளிப் போட்டவ."

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கோயில் மண்டபம் என்றும் பார்த்திருக்க மாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரில் என்னோடு படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இலண்டனில் இந்தக் கதை ஏற்கெனவே கண் மூக்கு வைத்து உலாவுகிறது. ஊருக்கும் வந்து சேரப்போகிறது. அதற்கு முதல் நடந்தது இன்னதென்று நானே சொல்லிவிடுகிறேன்.

2

இந்தப் பழக்கத்தின் ஒரு பக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே ஒருவருக்குப் பிறந்தநாள், கலியாணநாள், தகப்பனின் ஆண்டு நினைவு என்று ஏதாவது வந்தால், அங்கே ஒரு சிறுவர் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்போம். காசு இங்கிருந்து போகும். அங்கிருந்து ஒரு படம் வரும். பின்னால் பெரிய பனர். பனரில் இலண்டன் பிள்ளை கேக்குக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருக்கும். பனருக்குக் கீழே அங்கத்தைய பிள்ளைகள் உயரப்படி கைகூப்பி நிற்பார்கள். அது எங்கள் வட்ஸ்அப் குழுவில் விழுந்ததும் கும்பிடுகிற கைகளும் இதயங்களும் வரிசையாக வரும்.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இதற்கென்றே ஒரு கமிட்டி இருக்கிறது. தலைவர் பொனிபஸ் அண்ணை. இளவாலைப் பக்கத்து ஆள், நேர்மையானவர், பிடித்தால் விடாதவர். நான் செயலாளராக இருந்தேன். மன்னார்ப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கான இல்லமொன்றை நடத்துகிற சிஸ்டர் கொன்சீலியாவோடு கதைப்பது என் பொறுப்பு. என் மகள் ஷெரினின் பிறந்தநாளுக்கும் வருடாவருடம் அங்கே சாப்பாடு போனது. அவளுடைய முகமும் பனரில் ஏறியது.

நான் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் உள்ளே போனதும் போனை லொக்கரில் வைத்துப் பூட்டவேண்டும். பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது. பெற்றோர் கையெழுத்துப் போடாமல் ஒரு பிள்ளையின் பாதணியைக்கூட எடுக்க ஏலாது. அதற்கென்று ஒரு நாள் முழுக்க வகுப்பு வைத்து, கடைசியில் சோதனையும் எழுதவைத்தார்கள். வெள்ளைக்காரருக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று நானும் கூட வேலை செய்கிற பஞ்சாபிப் பெண்ணும் சிரித்துக்கொண்டோம். வேலை முடிந்து செவன் கிங்ஸுக்கு பஸ் ஏறியதும் போனைத் திறந்து, மன்னார்ப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதேயில்லை.

3

ஷெரினுக்கு இருபத்தேழு வயது. கணினியில் படம் கீறுகிற வேலை. தென் இலண்டனில் சிநேகிதிகளோடு இருக்கிறாள். கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிறு பின்னேரங்களில் போன் எடுப்பாள், பாதி இங்கிலிஷ், பாதி தமிழ். அவள் வாயிலிருந்து எங்கள் கமிட்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள் சொன்னாள்:

"அம்மா, நான் வொலன்ரியர் பண்ணுற கன்வென்ஷன் இருக்கெல்லோ, அவை எவ்ரி இயர் ஒரு சில்ரன்ஸ் சரிட்டிக்குக் குடுக்கிறவை. இந்த முறை உங்கடையைச் சொல்லியிருக்கிறன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் விலகிவிலகிப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவள் எங்களை நினைத்திருக்கிறாளே.

கார்ட்டூன், கொமிக்ஸ், விண்வெளிக் கதைகள் என்றால் உயிரை விடுகிறவர்கள் வருடத்துக்கொருமுறை கூடுகிற இரசிகர் சந்தை அது. துறைமுகப் பக்கத்துப் பெரிய கண்காட்சி மண்டபம். வளர்ந்த ஆண்களும் பெண்களும் வாலும் செட்டையும் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். நான் சேலை கட்டிக்கொண்டு போனேன். நான் எந்தக் கதையில் வருகிற ஆள் என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். கமிட்டிச் செயலாளர் என்றேன். அந்தக் கதையைத் தான் இன்னும் வாசிக்கவில்லை என்றார்.

பொனிபஸ் அண்ணை எங்கள் மேசையில் துண்டுப்பிரசுரங்களோடு இருந்தார். நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன். பின்பக்கத்தில் கறுப்புத் திரை போட்டு மறைத்த ஒரு பகுதி இருந்தது. வாசலில் ஒருவர் நின்று ஆட்களின் பிறந்த திகதியைப் பார்த்துக் கையில் பட்டி கட்டி உள்ளே விட்டார். எங்கள் ஆட்களின் விழா என்றால் திரைக்குப் பின்னால் இருப்பது பிரதம விருந்தினருக்கும் பெரிய நன்கொடையாளருக்குமான சாப்பாட்டு இடம். எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் அங்கேதான் இருப்பார்கள், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருவோம் என்று போனேன். என் நரையைப் பார்த்துவிட்டு அவர் வயதே கேட்கவில்லை.

உள்ளே முழுக்கப் படங்கள். கீறிய படங்கள்தான். மிருகத் தலையும் மனித உடம்புமாக, உடுப்பு என்று பேருக்கு ஏதோ மாட்டிக்கொண்டு, அல்லது அதுவும் இல்லாமல். நான் கண்டதை இங்கே எழுதமாட்டேன். சீ என்று வந்தது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தபடி வாசலைத் தேடினேன். அப்போது ஊதாத் தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண் என் நெஞ்சிலிருந்த கமிட்டி அட்டையைக் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் ரோசி. அவளும் கூட்டாளிகளும் அன்று முழுதும் அங்கேயே படம் கீறி ஏலம் போடுகிறார்களாம். வருவது அவ்வளவும் உங்கள் பிள்ளைகளுக்கு என்று சொன்னபோது அவளுடைய கண் கலங்கியிருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து ஷெரினைப் பிடித்தேன்.

"இந்த ஊத்தையை வித்தோ அந்தப் பிள்ளையளுக்குச் சோறு போடப்போறம்?"

"அம்மா, உள்ள இருக்கிற எல்லாரும் அடல்ட்ஸ். செக் பண்ணித்தான் விடுகினம். நல்லது செய்ய வேணும் எண்டு செய்யினம். வட்ஸ் த ப்ரொப்ளம்?"

ஊரில் எங்கள் பங்கில் ஒருமுறை கள்ளுத் தவறணை நடத்தியவர் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார். சுவாமியார் மணியை வாங்கினார். அதில் அவருடைய பெயரைப் பொறிக்க மட்டும் விடவில்லை. அந்தத் தீர்ப்பு நினைவுக்கு வந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன். பசிக்கிற பிள்ளைக்குச் சோறு எங்கிருந்து வந்தால் என்ன, பெயர் ஏறாமல் வந்தால் சரி.

பொனிபஸ் அண்ணையிடம் உள்ளே கண்டதைச் சொல்லவில்லை. அண்ணன் முறையான மனிசனிடம் அதையெல்லாம் எந்த வாயால் சொல்வது? "அங்கால போகாதேங்கோ அண்ணை, சரியான சன நெரிசல்" என்று மட்டும் சொன்னேன்.

4

இரசிகர் சந்தை கொடுத்ததைவிட ரோசியின் கூட்டம் கொடுத்தது பெரிது. பொனிபஸ் அண்ணை மகிழ்ந்துபோய் நன்றிக்கடிதம் எழுதினார். ரோசி மறுமொழி போட்டாள். நன்றி வேண்டாம், எங்கள் பெயரை எங்கும் போடவேண்டாம், பிள்ளைகளின் படம் எதுவும் எங்களுக்கு அனுப்பவேண்டாம், பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எதிலும் எங்களைச் சேர்க்கவேண்டாம், தயவுசெய்து. இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாள்.

பொனிபஸ் அண்ணை அதை எனக்குப் போனில் வாசித்துக்காட்டினார். "பாத்தியளே ஜெயராணி, வெள்ளைக்காரருக்கு எவ்வளவு தன்னடக்கம்."

"அவை வேண்டாம் எண்டா விட்டிடுங்கோ அண்ணை."

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம். நாங்கள் எங்கட மரியாதையைச் செய்யத்தானே வேணும்."

அவரைக் குறைசொல்லியும் பயனில்லை. எங்கள் ஆட்களில் மாலை வேண்டாம் என்கிறவருக்கு இரண்டு மாலை போடவேண்டும். போடாவிட்டால் அவர் ஆயுளுக்கும் எங்களோடு கதைக்கமாட்டார். வேண்டாம் என்ற சொல்லை வேண்டாம் என்றே விளங்கிக்கொள்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

அவர் ரோசியின் கூட்டத்தின் இணையப் பக்கத்தைத் தேடிப் போயிருக்கிறார். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவரா என்று அது கேட்டிருக்கிறது. "எனக்கு அறுபத்தெட்டு, ஓம் எண்டு அமத்தினன்" என்று பிறகு சொன்னார். முகப்பில் இருந்த பெரிய படத்தை எடுத்தார். ஒரு நரி. கார்ட்டூன் நரி என்றால் சின்னப்பிள்ளைகளுக்கானதுதானே. அதை மன்னாரில் பனர் அடிக்கிற கடைக்கு நேரே அனுப்பிவிட்டார்.

5

அன்று பள்ளிக்கூடத்தில் பாஸ்தா. தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குழுவில் படம் வந்திருந்தது.

சுவரை மறைக்கிற அளவு பனர். மேலே "இலண்டன் வாழ் அன்புக் கலைஞர்களுக்கு எமது இதயபூர்வமான நன்றிகள்." இரண்டு மூலையிலும் புறாக்கள். நடுவில் நரி. போனில் நகமளவு பார்த்தால் நரி மட்டும்தான் தெரியும். விரித்துப் பார்த்தேன். நரித் தலைக்குக் கீழே ஒரு பெண்ணின் உடம்பு. இரண்டு மூன்று தோல்வாரைத் தவிர உடுப்பில்லை. சாய்ந்து கிடந்து கண்ணடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே எங்கள் பிள்ளைகள், வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாகக் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். மேசையில் சோறும் கோழிக்கறியும். சின்னப்பிள்ளைகள் கமராவைப் பார்த்தார்கள். பின்வரிசையில் நின்ற பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கீழே எங்கள் ஆட்கள் எழுதியிருந்தார்கள். நிறைவான பணி. ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. ஒருவராவது விரித்துப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இறங்கவேண்டிய இடத்துக்கு முதலே பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் பொனிபஸ் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்தப் படத்தை உடன அழியுங்கோ."

"ஏன்? வடிவாத்தானே வந்திருக்கு."

அவரிடம் சொல்லக் கூசியதையெல்லாம் தெருவில் நின்று சொல்லவேண்டியதாகிவிட்டது. "நான் நரியைத்தான் பாத்தனான் பிள்ளை" என்றார்.

பிறகு சிஸ்டர் கொன்சீலியாவுக்கு எடுத்தேன். பனரை இழுத்துக் கட்டும்போதே அது அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"வெளிநாட்டுக் கார்ட்டூன் இப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சம் ஜெயராணி. அப்பிடி இல்லாட்டியும், காசு தந்த ஆக்களின்ர படத்தைக் கட்டமாட்டம் எண்டு சொல்ல எங்களுக்கு ஏலுமே?"

இந்த ஒரு வசனம் அந்த நரியைவிட மோசமாக என்னைக் குடைந்தது. நாங்கள் எதை அனுப்பினாலும் கட்டுவார்கள். பிள்ளைகளை அதன் கீழே நிறுத்துவார்கள். சோறு வேண்டுமே.

இரவுச் சமையலுக்கு அரிசி போடுகிற நேரம் ஷெரின் போன் எடுத்தாள். பொனிபஸ் அண்ணை படத்தை ரோசியின் கூட்டத்துப் பெயரையும் சேர்த்து முகநூலிலும் போட்டிருந்திருக்கிறார். ரோசி பார்த்துவிட்டாள். பார்த்ததும் ஷெரினைத்தான் கூப்பிட்டாளாம்.

"அவைக்கு ஒரே ஒரு ரூல் அம்மா. பிள்ளையள் அந்தக் கர்ட்டினுக்குக் கிட்டவும் வரக்கூடாது. நீங்கள் அந்தக் கர்ட்டினைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையளுக்குப் பின்னால கட்டியிருக்கிறியள்."

"அது அண்ணை தெரியாமச் செய்த பிழை."

"பிழை நரியில்லை அம்மா. நரிக்கு முதல் அதில ஆற்ர முகம் இருந்தது? என்ர முகம். எவ்ரி இயர். என்னட்டயும் கேக்கேல்லை, அந்தப் பிள்ளையளிட்டயும் கேக்கேல்லை. ஸ்கூல்ல என்னோட படிச்ச பிள்ளைக்கு ஒருக்கா காட்டினன். அவள் கேட்டாள், ஏன் இந்தப் பிள்ளையள் உன்னைக் கும்பிடுகினம் எண்டு. அதுக்குப் பிறகு நான் அந்தப் படத்தைப் பாக்கிறதேயில்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளை சொல்லி விளங்கவேண்டிய நிலை வந்துவிட்டதே என்று என்னில்தான் கோபம்.

6

சனிக்கிழமை பொனிபஸ் அண்ணை வீட்டில் கமிட்டி கூடியது. ரோல்ஸும் தேத்தண்ணீரும் இருந்தன. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். பொனிபஸ் அண்ணை ஒரு யோசனையோடு இருந்தார்.

"நரியை வெட்டிப்போட்டு அந்த இடத்தில மாதாவை வைப்பம். இப்ப போன்லயே செய்யலாமாம். பிள்ளையளின்ர படம் நல்லா வந்திருக்கு, வீணாக்கக்கூடாது."

கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தேன். இனிமேல் எந்தப் பனரும் வேண்டாம், பிள்ளைகளைப் படம் எடுக்கவே வேண்டாம் என்றேன். நரியும் வேண்டாம், மாதாவும் வேண்டாம், எங்கள் பேரப்பிள்ளைகளும் வேண்டாம். சாப்பாடு மட்டும் போகட்டும்.

பொருளாளர் தெரேசா அக்கா சிரித்தார். "என்ர பேரனுக்கு அந்தப் பிள்ளையளின்ர படங்களைக் காட்டித்தான் நான் நன்றி எண்டா என்னெண்டு சொல்லிக்குடுக்கிறனான். இல்லாட்டி அவன் சாப்பாட்டை அப்பிடியே குப்பையில போடுவான்."

"அந்தப் பிள்ளையள் என்ன, உங்கட பேரனுக்குப் பாடப்புத்தகமே?"

"ஜெயராணி, கோவப்படாதேங்கோ" என்றார் பொனிபஸ் அண்ணை. "படம் இல்லாட்டி ஆர் தருவினம்? நீங்களே சொல்லுங்கோ."

"தந்தவை அண்ணை. அந்த நரிப்படம் கீறுறவை. பேர் வேண்டாம், படம் வேண்டாம் எண்டு சொல்லித் தந்தவை."

"அப்ப நீங்கள் அவையோடயே போய்ச் சேருங்கோவன்" என்றார் தெரேசா அக்கா.

சேரமாட்டேன். அந்தத் திரைக்குப் பின்னால் கண்டதை நினைத்தால் இப்போதும் சீ என்றுதான் வருகிறது. அதை நல்லதென்று சொல்ல நான் வரவில்லை, என் மகள் என்ன சொன்னாலும். ஆனால் அவர்கள் தங்கள் அசிங்கத்துக்கு வாசலில் ஆள் வைத்திருந்தார்கள். எங்களுடையது புறாப் படத்தோடு, பூசைக்குப் போய்வந்த கையோடு, குடும்பக் குழுக்களில் சுற்றிவருகிறது. தாயில்லாத பிள்ளையை உயரப்படி நிறுத்தி, தெரியாத ஒருவனைக் கும்பிடவைத்து, அதைப் பார்த்து மனம் நிறைந்து, பிறகு கேக் சாப்பிடுகிறோம்.

கை உயர்த்தச் சொன்னார்கள். படம் வேண்டாம் என்று என் கை மட்டும்தான் உயர்ந்தது. நான் விலகினேன். கமிட்டிக்குள் சண்டை என்று கேள்விப்பட்டு, சாப்பாடு கொடுக்க இருந்த சில குடும்பங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நான் சோற்றில் மண்ணள்ளிப் போட்டேன் என்பது இதைத்தான். அதில் பொய்யும் இல்லை. என் வாயால் சில நாள் அந்த மேசைக்கு இறைச்சி வரவில்லை. அதை நினைத்து நித்திரை கெட்டிருக்கிறேன்.

7

இந்த மாதம் ஷெரினுக்குப் பிறந்தநாள். சாப்பாடு கொடுக்கட்டுமா என்று அவளைக் கேட்டேன். முதன்முறையாகக் கேட்டேன்.

"குடுங்கோ அம்மா. என்ர முகம் வேண்டாம். அவையின்ர முகமும் வேண்டாம்."

சிஸ்டரிடம் நேரே சொன்னேன். பனர் இல்லை, படம் இல்லை, யார் கொடுத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டாம். "உண்மையாவோ?" என்று இரண்டுதரம் கேட்டார். நானும் நன்றி வேண்டாம் என்று சும்மா சொல்கிறேன் என்று நினைக்கப்போகிறார் என்ற பயத்தில், கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று சத்தியமும் செய்தேன்.

பிறந்தநாளன்று காலை வேலைக்குப் போக பஸ்ஸுக்காக நின்றபோது போன் அடித்தது. அங்கே மத்தியானம்.

"ஜெயராணி, பிள்ளையள் இன்னும் சாப்பிடேல்லை."

"ஏன் சிஸ்டர், சாப்பாடு வரேல்லையோ?"

"வந்திட்டுது. மேசையில வைச்சாச்சு. அதுகள் சுவரோட வரிசையா நிக்குதுகள். படம் இல்லை, வந்து இருந்து சாப்பிடுங்கோ எண்டு சொன்னன். ஒண்டும் அசையேல்லை. படம் எடுக்க முதல் கைவைச்சா அடுத்த முறை சாப்பாடு வராதெண்டு பெரியதுகள் சின்னனுகளுக்குச் சொல்லிவைச்சிருக்குதுகள். நான் இப்ப என்ன சொல்லியும் நம்புதுகளில்லை."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"நான் ஒண்டு கேக்கட்டே?" என்றார் சிஸ்டர். "போனை ஒருக்காத் தூக்கிக் காட்டட்டே? எடுக்கமாட்டன். எடுக்கிறமாதிரிக் காட்டிப்போட்டு வைக்கிறன். சோறு ஆறுது."

"காட்டுங்கோ சிஸ்டர்" என்றேன்.

போனுக்குள் கொஞ்சநேரம் காற்றுச் சத்தம். பிறகு அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் நன்றி சொன்னார்கள். அதன்பிறகுதான் கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது.